ரெண்டு மனசும் விட்டுப்போன மனசும்

1

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. மணி ஒன்றே முக்கால் இருக்கும். புரொடக்‌ஷனில் ஏதோ போட்டுவிட்டு, அது விழாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் என்னுடைய பழைய டீமில் ஜூனியராக இருந்த தம்பி. வயது இருபத்து நான்கு. என்னைப் போலவே வாசிக்கிற கிறுக்கு உள்ளவன்.

"அண்ணா, முழிச்சிருக்கீங்களா? ஒரு டவுட்டு. நாளைக்கு சூரியன் உதிக்கும்னு நம்புறதுக்கே காரணம் இல்லைன்னா, நான் நாளைக்கு எந்திரிச்சு ஆபீஸ் போறதுக்கு மட்டும் என்ன காரணம்?"

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. நடுராத்திரியில் ஒருவன் டேவிட் ஹ்யூமைப் பற்றிக் கேட்கிறான்! நாற்பது நிமிடம் டைப் செய்தேன். இதுவரை நடந்ததை வைத்து இனி நடக்கப்போவதை நிரூபிக்க முடியாது என்பது ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை, காண்ட் அதை எப்படி எதிர்கொண்டார், கார்ல் பாப்பர் அதை எப்படிச் சுற்றிக்கொண்டு போனார் என்றெல்லாம் எழுதி, மூன்று பிடிஎஃப் கோப்புகளையும் அனுப்பி, "படிச்சிட்டு சொல்லு, வீக்கெண்ட் பேசுவோம்" என்று முடித்தேன். அவன் ஒரு கட்டைவிரல் போட்டான். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வீக்கெண்டில் எனக்கு வேறு வேலை வந்தது. பதினோரு நாள் கழித்து அவனுடைய ரூம்மேட் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் விஷயம் தெரியும். தம்பி இரண்டு வாரத்துக்கு மேலாக ஆபீஸ் போகவில்லை. தூக்கம் கிடையாது. ஒருநாளைக்கு ஒருவேளை சாப்பிட்டால் அதிகம். போனை எடுப்பதில்லை. அவன் அம்மா ராத்திரி பஸ் ஏறி வந்து, காலையில் அவனைக் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு டாக்டர், மாத்திரை, நான்கு மாதம் வீட்டில். இப்போது நன்றாக இருக்கிறான். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்றவன், கொஞ்சம் சிரித்து, "அன்னைக்கு நீங்க அனுப்புன பிடிஎஃப் எதையும் நான் திறக்கவே இல்லண்ணா" என்றான்.

அவன் ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டிருந்தான். முதல் பாதி சூரியனைப் பற்றியது. இரண்டாம் பாதி அவனைப் பற்றியது. நான் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொன்னேன். விரக்தியை ஐயம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேரெதிரான தவறு எனக்கே நடந்திருக்கிறது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது, சாமி இருக்கிறதா, திதி கொடுப்பதால் யாருக்கு என்ன போய்ச் சேருகிறது என்று வீட்டில் கேட்க ஆரம்பித்தேன். சித்தப்பா கொஞ்ச நாள் பார்த்தார். "பயலுக்கு மனசு சரியில்ல" என்று முடிவெடுத்தார். மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்று என் கையில் ஏறியது. உண்மையில் என் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக நான் இருந்ததே இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை ஹாஸ்டல் மொட்டைமாடியில் வாதாடிவிட்டு, போய் நான்கு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவேன். சித்தப்பா என் ஐயத்தை விரக்தி என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். ஐயமும் விரக்தியும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஊர்கள் என்ற எண்ணம். ரொம்பக் கேள்வி கேட்டால் அங்கேதான் போய் நிற்பாய் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். வாசிக்கிற நாமோ, அங்கே போய் நிற்பவன்தான் உண்மையாகவே கேள்வி கேட்டவன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் மதிக்கவும் செய்கிறோம். இந்தப் பாதை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

2

ஐரோப்பிய மொழிகளில் இந்த எண்ணம் சொல்லிலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ஐயத்துக்கு ட்ஸ்வைஃபெல் என்று பெயர். அதற்குள் 'இரண்டு' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அதோடு ஒரு முன்னொட்டைச் சேர்த்து முற்றவிட்டால் ஃபெர்ட்ஸ்வைஃப்லுங், அதாவது விரக்தி. ஹெகல் 1807இல் வெளியிட்ட தன் பெரிய நூலின் அறிமுகத்தில் இந்த ஒலி ஒற்றுமையைப் பயன்படுத்தி, அறிவு போகும் பாதையை ஐயத்தின் பாதை என்பதைவிட விரக்தியின் பாதை என்று சொல்வதே சரி என்கிற பொருளில் எழுதுகிறார்.

டேனிஷ் மொழியிலும் இதே உறவு உண்டு. ஆனால் அந்த மொழியில் எழுதிய கீர்க்கேகார், சொற்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறார். 1843இல் வந்த அவருடைய 'இது அல்லது அது' நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு நீதிபதி தன் இளம் நண்பனுக்கு நீண்ட கடிதங்கள் எழுதுகிறார். அவர் சொல்வதன் சாரம் இது: ஐயம் சிந்தனையில் நடப்பது, விரக்தி முழு ஆளுக்கும் நடப்பது. ஐயப்படுவதற்கு ஓரளவு திறமை வேண்டும், விரக்தியடைய எந்தத் திறமையும் வேண்டாம். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. தம்பியின் விரக்தியை நான் மதித்ததற்குக் காரணமே, அதை ஒரு திறமை என்று நினைத்ததுதான்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை என்பது யோசித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஐயம் வந்தால் "ரெண்டு மனசா இருக்கு" என்கிறோம். விரக்தி வந்தால் "மனசு விட்டுப்போச்சு" என்கிறோம். ஒன்றில் மனசு ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. இன்னொன்றில் இருந்த ஒன்றும் கையைவிட்டுப் போய்விட்டது. ஊரில் யாரும் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. நிலத்தை விற்கலாமா வேண்டாமா என்று ரெண்டு மனசாக இருப்பவரையும், மகன் போனபிறகு மனசு விட்டுப்போனவரையும் ஒரே மாதிரி நடத்துவதும் இல்லை. முதல் ஆளிடம் போய் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது ஆள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோவார்கள்.

நம் இலக்கண உரைகளிலும் நியாய தரிசனத்திலும் ஐயத்துக்கு ஒரே உதாரணம் திரும்பத் திரும்ப வரும். மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. வெட்டிவிட்ட மரக்கட்டையா, ஆளா? நியாயம் பட்டியலிடும் பதினாறு பொருள்களில் ஐயமும் ஒன்று. அதை அவர்கள் நோயாகப் பார்க்கவில்லை. விசாரணை தொடங்கும் இடமாகப் பார்த்தார்கள். கட்டையா ஆளா என்று தெரியாதவன் என்ன செய்வான்? இரண்டடி கிட்டப் போய்ப் பார்ப்பான். மனசு விட்டுப்போனவனோ கிட்டப் போவதில்லை. கட்டையாக இருந்தால் என்ன, ஆளாக இருந்தால் என்ன என்று திரும்பிக்கொள்கிறான்.

3

சொல்லை விடுவோம். வாழ்க்கையில் எப்படி நடந்திருக்கிறது? தம்பி கேட்ட கேள்வியின் சொந்தக்காரரான ஹ்யூமையே எடுத்துக்கொள்வோம்.

ஹ்யூம் 1711இல் எடின்பரோவில் பிறந்தவர். குடும்பம் சட்டம் படிக்கச் சொன்னது. அவருக்குத் தத்துவத்தில்தான் பித்து. பதினெட்டு வயதில் தன் முன் ஒரு புதிய சிந்தனை உலகமே திறந்துகொண்டதாக உணர்ந்து, சட்டத்தைக் கைவிட்டு இரவுபகலாகப் படித்தார். 1729 செப்டம்பரில் திடீரென்று எல்லாம் அணைந்துபோனது. படித்தால் ஏறவில்லை. எதிலும் சூடு இல்லை. விரல்களில் புள்ளிகள் தோன்றின. இது படிப்பாளிகளுக்கு வரும் நோய் என்று சொல்லி, கசப்பு மருந்தும் தினமும் திராட்சை மதுவும் குதிரைச் சவாரியும் எழுதிக்கொடுத்தார் மருத்துவர். 1731இல் பேய்ப்பசி பிடித்து, ஒல்லியாக இருந்தவர் சில வாரங்களில் தடித்த ஆளாக மாறினார். ஆனாலும் மனம் முழுதாகத் தேறவில்லை. 1734இல் ஒரு மருத்துவருக்கு நீளமான கடிதம் ஒன்றை எழுதினார். இதெல்லாம் அந்தக் கடிதத்தில் அவரே சொல்வது.

அதில் என்னை நிறுத்திய ஒரு இடம் உண்டு. சிசரோ, செனகா, புளூடார்க் போன்றவர்களைப் படித்துவிட்டு, மரணம், வறுமை, அவமானம் எல்லாவற்றுக்கும் எதிராக மனதை உறுதிப்படுத்தத் தனிமையில் விடாமல் யோசித்ததும் தன் உடம்பைக் கெடுத்தது என்கிறார். நாலு பேரோடு சுறுசுறுப்பாக வாழும்போது இந்த யோசனைகள் உதவலாம். தனியறையில் அவை மோத எதுவும் இல்லாமல் ஆளையே தின்கின்றன. நான் அனுப்பிய மூன்று பிடிஎஃப் ஞாபகம் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஹ்யூம் சில மாதம் பிரிஸ்டலில் ஒரு வியாபாரியிடம் வேலை பார்த்தார். ஒத்துவரவில்லை. பிரான்சுக்குப் போய், தெகார்த் படித்த ஊரான லா ஃப்ளெஷில் தங்கி, தன் முதல் நூலை எழுதினார். 1739இல் அது வெளிவந்தது. சூரியன் நாளை உதிக்கும் என்பதற்கும், தீ சுடும் என்பதற்கும், ஏன் 'நான்' என்று ஒன்று தொடர்ந்து இருக்கிறது என்பதற்கும்கூட அறிவால் உறுதி தர முடியாது என்று சொன்ன நூல் அது. முதல் பகுதியின் முடிவில் அவரே உடைந்துபோகிறார். நான் எங்கே இருக்கிறேன், எதிலிருந்து வந்தேன், யார் என்னைச் சூழ்ந்திருக்கிறார்கள் என்று இருட்டில் துழாவுகிறார். எல்லோராலும் கைவிடப்பட்ட ஒரு விசித்திர மிருகமாகத் தன்னைக் கற்பனை செய்கிறார். அந்த இடத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது எந்த வாதமும் இல்லை. நண்பர்களோடு சாப்பிடுகிறார், பகடை உருட்டி பேக்கேமன் ஆடுகிறார், பேசிச் சிரிக்கிறார். மூன்று நான்கு மணிநேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அந்த யோசனைகள் விறைத்துப்போய்ச் சிரிப்புக்கிடமாகத் தெரிகின்றன.

ஹ்யூம் தன் ஐயத்துக்கு விடை கண்டுபிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. 1776 ஜூலை 7ஆம் தேதி, சாகக் கிடந்த ஹ்யூமைப் பார்க்க ஜேம்ஸ் பாஸ்வெல் போனார். நம்பிக்கையற்றவன் மரணத்தின் முன் நடுங்குகிறானா என்று பார்க்கும் ஆவலும் அவருக்கு இருந்தது. ஹ்யூம் அமைதியாக, வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார். மரணத்துக்குப் பின் வாழ்வு இருக்க வாய்ப்பே இல்லையா என்று பாஸ்வெல் கேட்டதற்கு, நெருப்பில் போட்ட கரித்துண்டு எரியாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறதே என்று பதில் சொன்னார். அன்று கலங்கிப்போய் வெளியே வந்தவர் பாஸ்வெல்தான். அடுத்த மாதம் 25ஆம் தேதி ஹ்யூம் இறந்தார்.

கரித்துண்டும் நாளைய சூரியனும் ஒரே கேள்விதான். இருபத்தேழு வயதில் அவரைத் தன் அறையில் தனியாக நடுங்கவைத்த அதே ஐயத்தை, அறுபத்தைந்து வயதில் சாவின் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரால் விளையாட முடிந்தது. 1729இல் விரக்தி இருந்தது, அந்தப் பெரிய ஐயங்கள் இன்னும் எழுதப்படவே இல்லை. 1776இல் ஐயம் அப்படியே இருந்தது, விரக்தி இல்லை. ஒன்று முற்றித்தான் இன்னொன்றாக ஆகிறது என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

4

இன்னும் கூர்மையான சாட்சி அல் கஸாலி. 1058இல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்து, 1091இல் பாக்தாதின் புகழ்பெற்ற நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியரானவர். அவர் தன் வாழ்வைப் பற்றி எழுதிய சிறிய நூலில் இரண்டு நெருக்கடிகளைச் சொல்கிறார்.

முதலாவது ஐயத்தின் நெருக்கடி. நிழல் அசையாமல் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது, உண்மையில் நகர்கிறது. நட்சத்திரம் ஒரு நாணயத்தின் அளவில் தெரிகிறது, கணக்குப் போட்டால் பூமியைவிடப் பெரிதாக இருக்கிறது. கண்ணைப் பொய்யாக்கும் நீதிபதியாக அறிவு வந்தது. அறிவைப் பொய்யாக்க அதற்கும் மேலே ஒரு நீதிபதி இருந்தால்? கனவில் இருக்கும்போது கனவு உண்மைதானே? ஏறக்குறைய இரண்டு மாதம் இந்த நிலையில் இருந்தார். எந்த நிரூபணமும் அவரை மீட்கவில்லை. இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டதாகச் சொல்கிறார்.

இரண்டாவது நெருக்கடி 1095இல். இந்தமுறை அவருக்கு எந்த ஐயமும் இல்லை. இறைவன் உண்டு, மறுமை உண்டு, எது சரியான வழி என்பதும் தெரியும். தான் அந்த வழியில் இல்லை, புகழுக்காகவே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரியும். ஆறு மாத அளவுக்கு இன்று போகலாம், நாளை போகலாம் என்று இழுபட்டார். ஒருநாள் வகுப்பில் நாக்கு எழவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் பதவியையும் பாக்தாதையும் விட்டு டமாஸ்கஸுக்குப் போனார்.

எதுவுமே உறுதியில்லை என்றிருந்த இரண்டு மாதத்தையும் ஒரு நோய் என்றே அவர் சொல்கிறார். ஆனால் பேச்சும் சாப்பாடும் நின்றுபோனது, எல்லாம் உறுதியாகத் தெரிந்த காலத்தில்.

டால்ஸ்டாயும் இந்த வரிசைதான். ஐம்பது வயதை ஒட்டி, 'அன்னா கரேனினா'வை முடித்து, புகழும் நிலமும் குடும்பமும் நிறைந்திருந்தபோது எதற்காக என்ற கேள்வி வந்து அவரைப் பிடித்தது. தனக்குத் தானே தீங்கு செய்துகொள்வோமோ என்று பயந்து சில பொருட்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்கும் அளவுக்குப் போனது. பின்னாளில் அவர் எழுதிய 'வாக்குமூலம்' நூலை ஐயத்தின் புத்தகம் என்று நானும் நினைத்திருந்தேன். திரும்பப் படித்தபோது அதன் முன்பகுதியில் ஐயமே கொஞ்சம்தான். அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை. சாலமோன், புத்தர், ஷோப்பன்ஹவர் என்று சாட்சிகளையும் கூண்டில் ஏற்றிவிட்டார். அவர் வெளியே வர ஆரம்பித்ததே, அந்தத் தீர்ப்பின்மேல் ஐயம் வந்தபோதுதான். எனக்கும் ஷோப்பன்ஹவருக்கும் மட்டும் புரிந்த உண்மை, பல கோடி எளிய மனிதர்களுக்குப் புரியாமலா அவர்கள் வாழ்கிறார்கள்? ஒருவேளை நான் எங்கோ தவறு செய்திருக்கிறேனோ? இந்த "ஒருவேளை"தான் கதவைத் திறந்தது.

பழைய கிரேக்க ஐயவாதிகள் இதைத் தலைகீழாகவே சொன்னார்கள். அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வரை வந்து இங்கிருந்த துறவிகளைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் பிர்ரோவின் வழிவந்தவர்கள் அவர்கள். முடிவு சொல்லாமல் நிறுத்திவைத்தால் மனம் அமைதியடையும், மனிதர்களை வதைப்பது ஐயம் இல்லை, இது நல்லது அது கெட்டது என்ற அவசரமான முடிவுகளே என்பது அவர்கள் கட்சி. எனக்கு இது முழுதாக ஏற்பில்லை. ஆனால் ஐயம் விரக்தியில்தான் முடியும் என்று சொல்பவர்கள் இந்தக் கட்சியையும் ஒருமுறை கேட்கவேண்டும்.

5

என் தொழிலில் ஐயம் தினசரிச் சரக்கு. ஒரு பக் வந்தால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. டேட்டாபேஸ் சரி என்று வைத்துக்கொண்டு கோடைச் சந்தேகப்படுகிறோம். கோடு சரி என்றால் கான்ஃபிக்கைப் பார்க்கிறோம். கோடு, கம்பைலர், சர்வர், லாக் என்று எல்லாவற்றையும் ஒரே நொடியில் சந்தேகப்பட்டால் அதை டிபக் செய்வது என்று யாரும் சொல்லமாட்டார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போவது என்று சொல்வார்கள். விட்கென்ஷ்டைன் தன் கடைசிக் காலக் குறிப்புகளில் கதவையும் கீலையும் வைத்து இதைச் சொல்கிறார். கதவு திறந்து மூட வேண்டுமென்றால் கீல்கள் அசையாமல் நிற்க வேண்டும். சந்தேகம் என்ற வேலை நடப்பதற்கே சந்தேகிக்கப்படாத சில விஷயங்கள் வேண்டும்.

விரக்தியில் இருப்பவன் எல்லாவற்றையும் சந்தேகப்படுவதாகத் தோன்றும். நட்பு, வேலை, அன்பு, நாளை, எல்லாம் பொய். ஆனால் ஒன்றை மட்டும் அவன் தொடுவதே இல்லை. "எல்லாம் பொய்" என்ற தன் தீர்ப்பை. அது எங்கிருந்து வந்தது, மூன்று நாள் தூங்காத மூளைக்கு இந்தத் தீர்ப்பை எழுதும் தகுதி உண்டா என்று அவன் கேட்பதில்லை. லாக்கில் வரும் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுவிட்டு, அந்த லாக்கை எழுதும் புரோகிராமை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது போன்றது இது. ஹ்யூம் தன் நூலில் அந்த இருட்டுக்குப் பிறகு சொல்லும் முக்கியமான விஷயமும் இதுதான்: உண்மையான ஐயவாதி தன் நம்பிக்கைகளைப் போலவே தன் ஐயங்கள் மேலும் கொஞ்சம் தயக்கத்தோடு இருப்பான்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். "சரிங்க, ஒருவேளை விரக்தியில் இருப்பவன் சொல்வதுதான் உண்மை என்றால்? நிஜமாகவே எதற்கும் அர்த்தம் இல்லை என்றால்?" நியாயமான கேள்வி. இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 'அர்த்தம் இருப்பதாக நிரூபிக்க முடியவில்லை' என்பதற்கும் 'அர்த்தம் இல்லை' என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலாவது ஐயம். இரண்டாவது ஒரு கோட்பாடு. தன்னை ஐயவாதி என்று சொல்லிக்கொள்பவனுக்கு அந்தப் பள்ளத்தைத் தாண்டக் காரணம் வேண்டும். பெரும்பாலும் நாம் காரணத்தால் தாண்டுவதில்லை, களைப்பால் தாண்டுகிறோம்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வாதத்தை அன்றைக்கு நான் தம்பிக்கு அனுப்பியிருந்தாலும் அதுவும் நான்காவது பிடிஎஃபாகத்தான் ஆகியிருக்கும். ஹ்யூமை மீட்டது வாதம் இல்லை, கஸாலியை மீட்டதும் இல்லை. விரக்தியின் உள்ளே ஒரு தவறான தர்க்கம் இருக்கிறது என்பது உண்மை. அந்தத் தர்க்கத்தைத் திருத்தினால் விரக்தி போய்விடும் என்பது உண்மை இல்லை. அங்கே தர்க்கம் பெரும்பாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் தூக்கம் போகிறது, பசி போகிறது, பிறகு அதற்கு ஏற்ற தத்துவம் வந்து சேர்கிறது. தம்பியே இதைச் சொன்னான்: "ஹ்யூம் படிச்சதால எனக்கு அப்படி ஆகலண்ணா. அப்படி ஆனதுக்கு அப்புறம் ஹ்யூம் கரெக்ட்டுன்னு தோணுச்சு."

6

அப்படியென்றால் ஐயத்துக்கும் விரக்திக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஹ்யூம் தன்னை விசித்திர மிருகமாகக் கற்பனை செய்த இடத்தில் அவரைப் பயமுறுத்துவது காரணகாரிய உறவு நிரூபணமாகாதது மட்டுமல்ல. கூட்டத்தில் கலக்க முடியாமல், யாரும் பக்கத்தில் வராமல் தனித்து நிற்பது. ஐயம் நம்மைத் தனியாக்கக்கூடியது. நம் ஊரில் சாமி இல்லை என்று முடிவெடுப்பவன் இழப்பது ஒரு கருத்தை மட்டுமா? பொங்கல் வைக்கும்போது நிற்கும் இடத்தை இழக்கிறான். பெரியப்பா திருநீறு நீட்டும்போது என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறான். கல்யாண வீட்டில் ஓரமாகப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாளடைவில் அந்தத் தனிமையை ஐயத்தின் விலை என்றும், பிறகு ஐயம் காட்டிய உண்மை என்றும் எடுத்துக்கொள்கிறான். இந்த வழியாக ஐயத்திலிருந்து விரக்திக்குப் போக முடியும்.

தெகார்த் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் திட்டத்துக்குப் பேர்போனவர் அவர். 1637இல் வந்த அவருடைய நூலில், வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன்னால் கட்டுமானம் முடியும்வரை தங்க வேறொரு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அந்தத் தற்காலிக வீடாகச் சில எளிய நடைமுறை விதிகளை வைத்துக்கொள்கிறார். அதில் ஒன்று, காட்டில் வழி தவறியவன் ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது, சுற்றிச்சுற்றி வரவும் கூடாது, ஒரு திசையைப் பிடித்து நேராக நடக்க வேண்டும் என்பது. எங்காவது போய்ச் சேருவான், நடுக்காட்டைவிட அது மேல். பெரிய ஐயவாதி முதலில் வாடகைக்கு வீடு பார்த்தார். நாமோ முதல் புத்தகத்தைப் படித்தவுடன் கூரையைப் பிரித்துவிட்டு மழையைத் திட்டுகிறோம்.

போன வருடம் அக்கா மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். "நீதான் சாமியே இல்லைங்கிறியே, உக்காருவியா?" என்று அக்கா கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள், ஆனால் கண்ணில் ஒரு பயம் இருந்தது. உட்கார்ந்தேன். பிள்ளை வீறிட்டு அழுது என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தெய்வத்தைப் பற்றிய என் ஐயம் அன்றும் அப்படியேதான் இருந்தது. என் மடியைப் பற்றி யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. இது சமரசமா, போலித்தனமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இன்னும் ரெண்டு மனசாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெண்டு மனசாக இருப்பவனால் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியும் என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.

7

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவுக்குத் திரும்ப வருகிறேன். என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில், கூப்பிட்டிருக்க வேண்டும். எழுத்தில் ஐயத்தின் குரலும் விரக்தியின் குரலும் ஒன்றுபோல இருக்கும். குரலில் வித்தியாசம் தெரிந்துவிடும். ஐயத்தில் இருப்பவன் குறுக்கே பேசுவான், மறுப்பான், நம் பதிலில் ஓட்டை கண்டுபிடித்தால் குஷியாவான். மற்றவன் "ம்" என்பான். என் நாற்பது நிமிட விளக்கத்துக்கு ஒரு எதிர்க்கேள்விகூட வராமல் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஹ்யூம் பற்றி ஒருவன் நிஜமாகக் கேட்டிருந்தால் அத்தோடு விடமாட்டான்.

அடுத்து, கேள்வியின் இரண்டாம் பாதியைக் கேட்டிருக்க வேண்டும். எத்தனை நாளா ஆபீஸ் போகல? தூங்குறியா? சாப்டியா? நம் ஊரில் இந்தக் கடைசிக் கேள்வியை நாளுக்குப் பத்து முறை அர்த்தமில்லாமல் கேட்கிறோம். அன்றைக்கு அர்த்தத்தோடு கேட்டிருந்தால் அவன் இல்லை என்று சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதற்குத் தத்துவம் தேவையில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், இட்லியோ எதுவோ வாங்கிக்கொடுத்து, கூடவே இருந்து, மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது. சாப்பாடும் துணையும் மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். ஹ்யூமே மருத்துவருக்குத்தான் கடிதம் எழுதினார்.

மூன்றாவது, இதைச் சொல்லாவிட்டால் நானும் சித்தப்பாவாகிவிடுவேன். அவனுடைய முதல் பாதிக் கேள்வியும் உண்மையான கேள்விதான். தேறி வந்தபிறகு அதை நோயின் பிதற்றல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. "அதெல்லாம் படிக்காதே, மனசு கெட்டுப்போகும்" என்று வீட்டில் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்தவர்களிடம் போய் கஸாலியைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் கேள்வியைப் பிடுங்கிக்கொள்வது தீர்வு இல்லை. ஐயம் மிச்சமிருப்பவனிடம் "ஒருவேளை" மிச்சமிருக்கிறது. டால்ஸ்டாயை வெளியே கொண்டுவந்த அந்தச் சொல் அவனுக்கும் தேவைப்படலாம்.

போன மாதம் தம்பி கூப்பிட்டான். புதிய வேலை, புதிய ஊர். பாப்பரை இப்போதுதான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்திருக்கிறானாம். சூரியன் விவகாரத்தில் பாப்பர் செய்தது மோசடி, கேள்வியைப் பின்வாசல் வழியாகத் திரும்ப உள்ளே விட்டுவிட்டார் என்று அரைமணி நேரம் கத்தினான். நான் மறுத்தேன். அவன் விடவில்லை. நடுவில் அவன் அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து வந்து ஒரு வாரமாக அவனோடு இருக்கிறார்களாம்.

"இருங்கண்ணா, சாப்பிட்டு வந்து கூப்பிடுறேன். இன்னும் முடியல" என்று சொல்லி வைத்தான்.

ஒரு மணிநேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான்.